ரவ்வூண்டு

ஓம் என்கிறாள். என் வயிற்றில் கிடந்தவள், என் மடியில் பேசப் பழகியவள், எவளோ ஒருத்தியின் வாயிலிருந்து எடுத்துவந்த சொல்லை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். அதுவும் எவ்வளவு சுத்தமாக. பிறந்ததிலிருந்தே அப்படிப் பேசுகிறவள் போல.

துஷாந்தினி இதை வெளியே சொல்லவில்லை. சீப்பைப் பல்லில் கடித்தபடி மகளின் தலைமுடியை இரண்டாக வகுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள் வைத்தாயா என்றுதான் கேட்டிருந்தாள். டிலுஷி ஓம் என்றாள். போன தவணை வரைக்கும் அது "ஆமாம்மா" ஆக இருந்தது.

அடுப்படி வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த யோகராஜ் சிரித்தான். கலேவெலப் பக்கத்துத் தோட்டங்களில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் லொறி அவனுடையது. அன்றைக்கு ஓட்டம் இல்லை.

"நம்ம வீட்டுல ஒரு சாமியார் உண்டாகிட்டாரு போல. காலங்காத்தாலயே ஓம் ஓம்னு சத்தம் கேக்குது."

டிலுஷி சிரித்துத் தலையை ஆட்டினாள். வகிடு கோணிப்போனது.

"ஆடாத டீ."

"வலிக்குதும்மா. மிஸ் பின்னுனா வலிக்கவே வலிக்காது."

மிஸ் எதற்கு உனக்குப் பின்ன வேண்டும், நான் பின்னி அனுப்புவதை அவள் ஏன் அவிழ்க்கிறாள் என்று கேட்கத் தோன்றியது. மீண்டும் வகிடெடுத்து, முன்னைவிட இறுக்கமாகப் பின்னினாள்.

தாயும் மகளும் ஒரே முன்பள்ளிக்குத்தான் போனார்கள். பலாபத்வலயில் பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் இருந்தது அது. தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், கடைவீதி முஸ்லிம் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், மாத்தளைக்கு வேலைக்கு வந்த உத்தியோகத்தர்களின் பிள்ளைகள் என்று எல்லாரும் கலந்து இருந்தார்கள். இரண்டு வகுப்பு. சின்னவர்களுக்குத் துஷாந்தினி. பெரியவர்களுக்கு வினோஜா.

கேட் வரைக்கும் மகளின் கையைப் பிடித்திருப்பாள். கேட்டைத் தாண்டியதும் விட்டுவிடுவாள். உள்ளே அவள் அம்மா இல்லை, டீச்சர். இந்த விதியைப் போட்டது துஷாந்தினியேதான். டீச்சரின் மகள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. மற்றப் பிள்ளைகள் கீழே விழுந்து அழும்போது தன் பிள்ளை மட்டும் மடியில் இருக்கக் கூடாது. டிலுஷி அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். "டீச்சர், எனக்கு மூக்கு ஒழுகுது" என்று முன்னால் வந்து நின்ற அன்று ஆசிரியையாகத் துஷாந்தினிக்குப் பெருமையாக இருந்தது. வருடம் பிறந்து மகள் பெரியவர்களின் வகுப்புக்குப் போனாள். வருடம் பிறந்தபோதுதான் வினோஜாவும் வந்தாள்.

யட்டவத்த பிரதேச செயலகத்துக்கு இடமாற்றம் பெற்று வந்த சசிகரனின் மனைவி வினோஜா. யாழ்ப்பாணத்துக்காரி. கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. வந்த முதல் நாளே துஷாந்தினியை "அக்கா" என்றாள். பிள்ளைகளோடு பேசும்போது தரையில் குந்திக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பேச்சைத் துளியும் மாற்றிக்கொள்ளவில்லை. அதைத்தான் துஷாந்தினி முதலில் கவனித்தாள். இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லையே, நாமும் கொஞ்சம் இந்த ஊருக்கு ஏற்றமாதிரிப் பேசலாமே என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. வாங்கோ, இருங்கோ, கெதியா என்று தன் வீட்டுக் கூடத்தில் நடமாடுகிறவள் போல வகுப்பில் நடமாடினாள்.

பிறந்தநாள் கதிரை அவள் கொண்டுவந்த யோசனை.

அதற்கு முன்பு பிறந்தநாள்களைப் பார்த்துக்கொண்டது துஷாந்தினி. கடதாசித் தொப்பி, டொபி, எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு, முடிந்தது. பிறகு தாய்மார் கேக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருத்தி இரண்டடுக்கு என்றால் அடுத்தவள் மூன்றடுக்கு. தோட்டத்துத் தாய்மார் பிறந்தநாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் விட்டார்கள். இதெல்லாம் துஷாந்தினிக்குத் தெரிந்துதான் இருந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

வினோஜா கேக்கை நிறுத்தினாள். பழைய கதிரை ஒன்றுக்கு நீல வண்ணம் பூசி, முதுகில் கடதாசிப் பூக்கள் ஒட்டினாள். பிறந்தநாள் பிள்ளை அதில் இருக்கும். வீட்டில் எது சமைப்பார்களோ அதில் கொஞ்சம் கொண்டுவரும். கூடவே ஒரு வீட்டுச் சொல்லும் கொண்டுவரும். அந்தப் பிள்ளையின் வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல், அல்லது அங்கே அதிகம் புழங்கும் சொல். அன்று முழுவதும் எல்லாரும் அதைச் சொல்லிப் பழகுவார்கள். பிறகு அது வண்ணக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டப்படும்.

சிங்களப் பிள்ளையான செனுலி, கிரிபத் என்ற பாற்சோறும் "ரத்தரங்" என்ற சொல்லும் கொண்டுவந்தாள். தங்கம் என்று அர்த்தம், அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள் என்றாள். அன்று இரு வகுப்புப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் ரத்தரங் ரத்தரங் என்று கூப்பிட்டுத் திரிந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவரின் மகன் ஆரூரன் கொண்டுவந்தது "கெதியா." சீக்கிரம் என்று அர்த்தம்; கை கழுவும் இடத்தில் அதற்குப் பிறகு ஒரு வாரம் தள்ளுமுள்ளு.

ரிஸ்வியின் வாப்பா இன்ஷாப், முன்னால் இருந்த ஹார்ட்வெயார் கடைக்காரர், ஒருநாள் காலையில் தயங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மிஸ், எங்கட ஊட்டுல பேர்த்டே எடுக்கிறல்ல. அது எங்களுக்கு இல்ல. ஆனா இவன் அந்தக் கதிரையில இருக்கோணும்டு ரெண்டு நாளா சாப்பிடுறானில்ல."

துஷாந்தினி பக்கத்தில்தான் நின்றாள். பரவாயில்லை, அவனுக்கு வேறு ஏதாவது கொடுப்போம் என்று சொல்ல வாயெடுத்தாள். வினோஜா முந்திக்கொண்டாள்.

"பிறந்தநாள் எண்டு ஏன் நினைக்கிறீங்கள்? ரிஸ்வி முதல் முதல் பள்ளிக்கூடம் வந்த நாள் இருக்குத்தானே. நாங்கள் அதைக் கொண்டாடுவம். எங்களுக்கு அவர் வந்து சேர்ந்த நாள்."

இன்ஷாபின் முகம் விரிந்தது. ரிஸ்வி வட்டிலப்பமும் "ராத்தா" என்ற சொல்லும் கொண்டுவந்தான். பெரிய பையன்கள்கூட அன்று ஒருவரையொருவர் ராத்தா என்று கூப்பிட்டார்கள். அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவது என்று ரிஸ்வி சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனான்.

எனக்கு ஏன் அது தோன்றவில்லை? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் துஷாந்தினி இதையே நினைத்தாள். இந்தப் பக்கத்தில் பிறந்தவள் நான். இன்ஷாபின் வாப்பா காலத்திலிருந்தே அந்தக் கடைக்குப் போய் வளர்ந்தவள் நான். நேற்று வந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது நல்ல யோசனை என்பதுதான் அவளை அதிகம் எரித்தது. ஏதாவது ஒரு முட்டாள்தனம் செய்திருந்தால் வினோஜாவை அவளால் நேசித்திருக்க முடியும்.

முழங்கால் விஷயம் நடந்தது அந்த வாரத்தில்தான்.

இடைவேளையில் பிள்ளைகள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். துஷாந்தினி தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். டிலுஷி கல்லில் தடுக்கி விழுந்தாள். எழுந்தாள். முழங்காலைப் பார்த்தாள். இரத்தத்தைக் கண்டதும் உதடு கோணியது. அந்தக் கோணல் துஷாந்தினிக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு எப்படி மூச்சு இழுக்கப்படும், எப்போது சத்தம் வரும் என்பதெல்லாம் தெரியும். விதியை மறந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

டிலுஷி அவளை நோக்கித்தான் ஓடிவந்தாள். அருகே வந்தாள். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நீட்டிய கைகளைத் தாண்டி, வகுப்பு வாசலில் நின்ற வினோஜாவிடம் ஓடி அவளது சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"ஐயோ என்ர குஞ்சு, எங்க, காட்டுங்கோ பாப்பம்..."

துஷாந்தினி நீட்டிய கையால் குழாயைத் திறந்தாள். வெறுமனே திறந்துவிட்டுப் பிறகு மூடினாள். பிள்ளை விதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறாள், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள முடிந்தது. நம்பத்தான் முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பெரியவர்களின் வகுப்பு ஜன்னலைக் கடந்து போகும்போது, மகள் எதையோ வாய் நிறைய மென்றுகொண்டிருப்பதைக் கண்டாள். வினோஜாவின் மேசையில் சின்ன டப்பா. அதில் வெள்ளை வெள்ளையாக ரவை உருண்டைகள், மேலே முந்திரிகை வற்றல் வைத்து.

"என்னாங்க மிஸ், இன்னைக்கி யாருக்குப் பிறந்தநாள்?"

"ஒருத்தருக்கும் இல்லை அக்கா. டிலுஷிக்குத்தான் செய்தனான்." வினோஜா சிரித்தாள். "போன கிழமை முழுக்க என்னட்டக் கேட்டுக்கொண்டே இருந்தவா, பாவம்."

"கேட்டாளா?"

"ஓம். மிஸ் ரவையுருண்டை குடுங்க, ரவையுருண்டை குடுங்க எண்டு. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க வந்து நிண்டு கேப்பா. நேற்று ஞாயிற்றுக்கிழமைதானே, ஆறுதலா இருந்து செய்தன். நீங்களும் ஒண்டு எடுங்கோ."

துஷாந்தினி ஒன்று எடுத்தாள். வாயில் போட்டதும் கரைந்தது. நெய்யும் ஏலமும் சரியான பதம்.

என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இவளுக்கு இனிப்பு வேண்டும் என்று எனக்கே தெரியாது. எவளோ ஒருத்தியிடம் போய்ப் பிச்சைக்காரி மாதிரி நின்று கேட்டிருக்கிறாள். வீட்டில் ஒன்றும் செய்து கொடுப்பதில்லை போலும் என்று அவள் நினைத்திருப்பாள். சசிகரனிடமும் சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளைக்கு ரவை உருண்டை எண்டால் உயிர், தாய் செய்து குடுக்கிறேல்லைப் போல.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் ரவை, சீனி, நெய், முந்திரிகை வற்றல் எல்லாம் வாங்கினாள். உடுப்பு மாற்றாமலே அடுப்பைப் பற்றவைத்தாள். ரவையை வறுக்கும்போது கை வலித்தது. உருட்டும்போது சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. ஆறவிட்டால் உருளாது. வினோஜாவினுடையதைவிடப் பெரிதாக உருட்டினாள். தட்டில் அடுக்கி, மகளின் முன்னால் வைத்தாள்.

டிலுஷி ஒன்றை எடுத்து ஓரத்தைக் கடித்தாள். திரும்ப வைத்தாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

"எனக்கு இது புடிக்காதும்மா."

"புடிக்காதா? மிஸ்கிட்ட மட்டும் கேட்டு வாங்கித் தின்ன?"

"நான் கேக்கல. மிஸ்ஸாத்தான் குடுத்தாங்க."

"பொய் சொல்லாத. புடிக்காததை எதுக்குத் தின்ன?"

டிலுஷி யோசித்தாள். பொய் சொல்வதற்காக யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"மிஸ் செஞ்சதும்மா. வேணாம்னா அவங்களுக்குக் கவலையா இருக்கும்."

யோகராஜ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நீ தின்னாட்டி இங்க யாருக்கும் கவலையில்ல, நான் தின்னுறேன். ஆனா துஷா, இது என்னா, கிரிக்கெட் பந்து மாரி இருக்கு. பக்கத்து வீட்டுக் கண்ணாடி எதும் ஒடையாம பாத்துக்க."

அவள் வாணலியைத் தேய்க்கத் தொடங்கினாள். அவன் இரண்டாவதையும் எடுத்துத் தின்றான்.

டிலுஷியின் பிறந்தநாள் அந்த வெள்ளிக்கிழமை. அன்றிரவு பக்கத்தில் வந்து படுத்த மகளிடம் துஷாந்தினி மெதுவாகக் கேட்டாள்.

"என்னா சொல்லு கொண்டு போகப் போற?"

"அது ரகசியம். மிஸ்ஸுக்கு மட்டுந்தான் சொல்லுவேன்."

"அம்மாவுக்குமா சொல்லக் கூடாது?"

"ம்ம்."

ஓம் என்ற சொல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தவுடன் அது உறுதியாகிவிட்டது. நீலக் கதிரையில் இருந்துகொண்டு, எல்லாருக்கும் முன்னால், எங்கள் வீட்டுச் சொல் ஓம் என்பாள். சிங்களத் தாய்மாருக்கு வித்தியாசம் தெரியாது. வினோஜாவுக்குத் தெரியும். ஆரூரனின் தாய்க்குத் தெரியும். பிள்ளைக்குச் சொந்தச் சொல் ஒன்றுகூடக் கொடுக்காத தாய்.

"டிலு, ஓம்ங்கிறது நம்ம சொல்லு இல்லம்மா. அது மிஸ்ஸோட வீட்டுச் சொல்லு."

"அப்ப நம்ம சொல்லு எது?"

துஷாந்தினி போர்வையை இழுத்து மகளுக்குப் போர்த்தினாள். எதைச் சொல்வது? தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்லும் லயம் என்றா, காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பிரட்டு என்றா? தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து எழுந்து வருவதற்காக ஒவ்வொரு சொல்லாகக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் அவள். புத்தகத்தில் இருப்பதைப் போலவும் இல்லாமல், தோட்டத்தில் பேசுவதைப் போலவும் இல்லாமல், யாரும் சிரிக்க முடியாத ஒரு பேச்சைத் தனக்கென்று செய்துகொண்டிருந்தாள். அதில் வீடு என்று சொல்ல எதுவும் இல்லை.

"தூங்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் போன பிறகு, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வினோஜா வாயைப் பொத்திச் சிரித்தபடி வந்தாள்.

"அக்கா, நான் ஒரு மடைச்சி. உங்களுக்குத் தெரியுமே என்ன நடந்தது எண்டு? டிலுஷி என்னட்ட ரவையுருண்டை கேக்கவே இல்லை!"

"அப்ப?"

"ரவ்வூண்டு! ரவ்வூண்டு குடுங்க மிஸ் எண்டிருக்கிறா. கொஞ்சம் எண்டு அர்த்தமாம். நான் சாப்பிடுற சோத்தில ஒரு சொட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறா. நான் அதை ரவையுருண்டை எண்டு விளங்கி, ரவை வாங்கி, நெய் வாங்கி, அவரையும் இருத்தி உருட்டவச்சு..." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இண்டைக்குத்தான் பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினவா. அம்மா சோறு ஊட்டேக்க, வாயை மூடிக்கொண்டா, இன்னும் ரவ்வூண்டு, இன்னும் ரவ்வூண்டு எண்டு சொல்லுவாவாம். அதைத்தான் வெள்ளிக்கிழமை கொண்டுவரப் போறாவாம். வீட்டுச் சொல். ரகசியம் எண்டவா, நான் உங்களுக்குச் சொல்லிப்போட்டன். எவ்வளவு வடிவான சொல் அக்கா!"

துஷாந்தினி சுருட்டிய பாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் வந்தது சந்தோஷம். உடம்பெல்லாம் சூடாகப் பரவியது. என்னுடையது. என் சொல். ஓம் இல்லை.

பிறகு அந்தச் சொல் தன் காதுக்குள் திரும்பவும் ஒலிப்பதைக் கேட்டாள். வினோஜாவின் குரலில்.

மாத்தளை டவுனில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி எடுத்த காலத்தில், ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். பிள்ளைகளாக நடித்த தோழிகளிடம், "இன்னும் ரவ்வூண்டு தள்ளி நில்லுங்க" என்றாள். பின் வரிசையில் ஒருத்தி, "ரவ்வூண்டாம்! எந்தத் தோட்டமடி இது?" என்றாள். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை, சின்னதாகத்தான் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொஞ்சம் என்று சொல்லப் பழகினாள். ரவ்வூண்டு தன் வாயிலிருந்து போயேவிட்டது என்று நினைத்திருந்தாள். மகளுக்கு ஊட்டும்போது அது வருகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. ஒரு கவளம் கையில் இருக்கும். பிள்ளை முகத்தைத் திருப்பும். அப்போது யாரும் கேட்காத இடத்தில், அவளே கேட்காமல், அது வந்திருக்கிறது.

அதை டிலுஷி எடுத்துக்கொண்டு போய் வினோஜாவிடம் கொடுத்திருக்கிறாள். அவளிடம் சோறு கேட்பதற்காக. என்னிடம் வாயை மூடிக்கொண்டவள், அவள் தட்டின் முன்னால் என் சொல்லைச் சொல்லி வாயைத் திறந்திருக்கிறாள்.

வினோஜா அதை வடிவு என்கிறாள். அவள் சொன்னால் வடிவுதான். எந்தத் தோட்டம் என்று அவளை யாரும் கேட்கப்போவதில்லை.

"நல்லது மிஸ்" என்று பாயை மூலையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய எழுந்து சர்க்கரைப் பொங்கல் செய்தாள். டிலுஷிக்கு மஞ்சள் சட்டை. கேட்டில் வழக்கம்போல் கையை விட்டாள். டிலுஷி இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

இரு வகுப்பையும் ஒன்றாக இருத்தியிருந்தார்கள். செனுலியின் அம்மா வந்திருந்தாள், ரிஸ்வியின் உம்மா வந்திருந்தாள், ஆரூரனின் அம்மா போனைத் தயாராக வைத்திருந்தாள். நீலக் கதிரையில் டிலுஷி காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள்.

"டிலுஷி என்ன சொல் கொண்டு வந்திருக்கிறா?"

"ரவ்வூண்டு!"

அதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இது கேலியில்லை. அந்தச் சொல்லின் சத்தம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ரவ்வூண்டு ரவ்வூண்டு என்று உதட்டைக் குவித்துக் குவித்துச் சொன்னார்கள். செனுலிக்கு நாக்கு புரளாமல் "ரவுண்டு" என்று வந்தது. ரிஸ்வி அவளைத் திருத்தினான். துஷாந்தினி சுவரோரம் நின்று பொங்கலைக் காகிதத் தட்டுகளில் பகிர்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வாயும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, தன் அலுமாரியைத் திறந்து உள்ளாடைகளை யாரோ வெயிலில் விரித்துப் போடுவது போல இருந்தது அவளுக்கு. யாரும் கேலி செய்யவில்லையே, இதற்கு ஏன் உனக்கு இப்படி இருக்கிறது என்று தன்னையே கேட்டாள். பதில் தெரிந்திருந்தது. அவர்கள் கேலி செய்து சிரித்திருந்தால் அது அவளுடையதாகவே இருந்திருக்கும்.

வினோஜா இன்னொரு கதிரையைத் தூக்கிவந்து நீலக் கதிரையின் எதிரே போட்டாள்.

"துஷா அக்கா, வாங்கோ. இதில இருங்கோ."

"என்னாங்க மிஸ்?"

"வீட்டில எப்பிடி ஊட்டுவீங்களோ, அப்பிடியே ஊட்டுங்கோ. பிள்ளை வாயை மூடுவா, நீங்கள் இன்னும் ரவ்வூண்டு எண்டு சொல்லுங்கோ. பிள்ளையள் எல்லாரும் உங்களோட சேர்ந்து சொல்லுவினம். வீடியோ எடுப்பம்."

ஆரூரனின் அம்மா போனை உயர்த்தினாள். ரிஸ்வியின் உம்மா இடம் விட்டு நகர்ந்து நின்றாள். எல்லா முகங்களும் துஷாந்தினியின் பக்கம் திரும்பின.

எத்தனை நாளாக அவள் ஆசைப்பட்டது இதுதான். இந்த முற்றத்துக்குள், இத்தனை பேருக்கு முன்னால், இது என் பிள்ளை என்று ஒருமுறை இருக்க வேண்டும். கதிரை போடப்பட்டிருக்கிறது. போட்டவள் வினோஜா. மகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மகளின் தாய்க்குச் சொல்லிக் கொடுத்து, எங்கே இருக்க வேண்டும் என்று இடமும் காட்டுகிறாள். அதில் ஒரு கள்ளமும் இல்லை. முகம் முழுக்கச் சந்தோஷம். இவள் கெட்டவளாக இருக்கக் கூடாதா என்று துஷாந்தினிக்கு அழுகை வரும் போலிருந்தது.

போய் இருந்தால் என்ன? இருக்கலாம். ஊட்டலாம். சொல்லலாம். பிறகு அது சுவரில் ரத்தரங்குக்கும் ராத்தாவுக்கும் பக்கத்தில் இருக்கும். இன்றிரவு கையில் கவளத்தோடு இருக்கும்போது, அந்தச் சொல் வருமா? வந்தாலும், நான் சொல்கிறேன் என்று தெரிந்தே வரும். வரும்போது இவள் குரலையும் கூட்டிக்கொண்டு வரும்.

"அம்மா" என்றாள் டிலுஷி.

கேட்டுக்கு உள்ளே அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

துஷாந்தினி கரண்டியை வைத்துவிட்டுப் போனாள். எதிர்க் கதிரையைத் தாண்டிப் போய் மகளின் பக்கத்தில் நின்றாள். பின்னலில் நாடா அவிழ்ந்திருந்தது. அதை எடுத்து, வலிக்காதபடி தளர்வாகக் கட்டினாள்.

"இருங்கோ அக்கா" என்றாள் வினோஜா.

"இங்க வேணாம் மிஸ்."

"ஏன் அக்கா, வெக்கமே? ஒரே ஒருக்காச் சொல்லுங்கோவன். பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"இல்ல மிஸ்." குரல் உயரவில்லை. ஆரூரனின் அம்மாவுக்குக் கேட்டிருக்காது. "அது வீட்ல."

வினோஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. என்ன தவறு செய்தேன் என்று தேடும் கண்கள். அதைப் பார்க்கத் துஷாந்தினிக்கு ஒரு சின்ன ருசி இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை, காட்டவும் இல்லை.

டிலுஷி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

துஷாந்தினி திரும்பிச் சுவரோரம் போய்க் கரண்டியை எடுத்தாள். ரிஸ்வி முதல் ஆளாகச் சாப்பிட்டு முடித்து வந்து தட்டை நீட்டினான்.

"டீச்சர், எனக்கு இன்னும் ரவ்வூண்டு!"

"கொஞ்சமா?" என்று கேட்டாள், பொங்கலை அள்ளியபடி. "இந்தா, கொஞ்சம்."